ஆர்கன் மிதிக்க ஒரு கால்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையில் இங்கே சுகமாக இருக்கிறேன். உங்கள் கணுக்கால் எப்படி இருக்கிறது என்பதைப் பதில் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். கடைசியில் எழுதலாம் என்று வைத்தால் வேறு கதை பேசி மறந்துவிடுவீர்கள். பஸ் நிலையத்துக்கு நீங்கள் வராதது இன்னும் மனசில் உறுத்துகிறது. கால் சுளுக்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள், தெரியும். ஆனாலும்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. செயற்கைக் கால் செய்யும் பட்டறை என்றுதான் பெயர், நான் இதுவரை ஒரு காலையும் தொடவில்லை. தரையில் கொட்டும் பிளாஸ்டர் மாவைப் பெருக்குகிறேன், அச்சு எடுத்த வாளிகளைக் கழுவுகிறேன், கடைசியில் என் தலையைக் கழுவுகிறேன். சாயங்காலம் கண்ணாடியில் அறுபது வயதுக்காரர் ஒருவர் நிற்கிறார். பட்டறைத் தலைவரை எல்லாரும் மாஸ்டர் என்கிறார்கள். அதிகம் பேசமாட்டார். பக்கத்து மேஜைக்காரருக்கு மின்னல் என்று பட்டப்பெயர். மரத்தில் ஒரு பாதத்தை ஒரே காலையில் செதுக்கி முடித்துவிடுவார்.

இரண்டாவது நாளே கையுறையை மாற்றி மாட்டிக்கொண்டு நின்றேன். மின்னல் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்து, வாய் சும்மா இருக்காமல், ஒன்பது வயதுவரை இடது செருப்பை வலது காலில் போட்டுத் திரிந்ததையும், அண்ணன் எனக்கு மாத்துச்செருப்பு என்று பெயர் வைத்ததையும் சொல்லித் தொலைத்தேன். இப்போது இங்கேயும் நான் மாத்துச்செருப்புதான். இரண்டு நாள் பயணத்தில் அந்தப் பெயரும் என் பெட்டிக்குள் உட்கார்ந்து வந்துவிட்டது.

புறப்படும்போது அண்ணன் சொன்னாரே, "மூணு மாசம். அதுக்குள்ள பெட்டியைத் தூக்கிட்டு வந்து நிப்பான், பாருங்க." அவர் சொன்னால் பெரும்பாலும் நடக்கும். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜெபக்குறிப்பு: ஒன்று, ஒரு காலையாவது முழுசாக நான் செய்ய வேண்டும். இரண்டு, அதுவரை என்னை அனுப்பிவிடக் கூடாது. உங்கள் குறிப்பையும் எழுதுங்கள்.

உங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
தம்பி

*

ஜனவரி 27

என் செல்லத் தம்பிக்கு,

முதல் வரி: கணுக்கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். படம் எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பார்க்கட்டும், அவருக்கும் பொழுது போக வேண்டாமா. போதுமா? இனி என் கதைக்கு வருகிறேன்.

மருந்துக்கடைக்காரர் மனைவிக்கு ஆர்கன் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். ஞாயிறு ஆராதனைக்கு எனக்கு ஒரு மாற்று ஆள் இருக்கட்டுமே என்றுதான். அவளுக்கு விரல் நன்றாக ஓடுகிறது, மிதிக்கத்தான் மறந்துபோகிறது. நடுப்பாட்டில் காற்றுத் தீர்ந்து ஆர்கன் மூச்சுத் திணறுகிறது. போதகர் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையைக் கேட்டு ஜெபம் பண்ணுகிறார்.

நீ இருந்தால் அவளுக்கு எண்ணிக் கொடுப்பாய். அம்மா போன புதிதில் நீ எங்கே உட்காருவாய், நினைவிருக்கிறதா? வரிசையில் நெளிகிறாய் என்று அண்ணன் விரட்டுவான், நீ வந்து என் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்வாய். நான் வெறுங்காலோடு இடதும் வலதுமாக மிதிப்பேன், நீ ஒவ்வொரு மிதியாக எண்ணுவாய். ஒருநாள் பாட்டு முடிந்து சபையே தலைகுனிந்து நிற்கும்போது, "அக்கா, நூத்தி நாப்பது" என்று கத்தினாயே. அன்றைக்குச் சிரிப்பை அடக்கி எனக்கு வயிறு வலித்தது.

இதைக் கேள். உனக்கு வலது இடது பிடிபடவில்லை என்று வாத்தியார் கைவிட்டபோது நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்? பள்ளிக்கூடத்துக்கு உன் ஒரு கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன். "நான் பிடிக்கிற கைதான் வலது. நான் இல்லாத இடத்துல ஆண்டவர் அதே கையைத்தான் பிடிச்சிருப்பார். சந்தேகமா இருந்தா தூக்கிப் பாரு, தெரியும்." சட்டையின் அந்தக் கைமடிப்பிலே அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூலும் தைத்துவிட்டேன். நூல் வெளுத்துப்போய்விட்டது, பிடித்தவர் விட்டாரா? அண்ணன் உன்னை மூன்று மாதம் என்று அளந்தான். அவன் கையில் இருக்கிற நாடா குட்டை. அதற்கு நீ என்ன செய்வாய்? அவர் வேறு நாடா வைத்திருக்கிறார்.

உன் குறிப்பு இரண்டையும் நோட்டில் எழுதிவிட்டேன். பக்கம் நிரம்பிவிட்டது, என்னுடையதற்கு இடம் இல்லை.

வாளி கழுவினாலும் நன்றாகக் கழுவு. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்காகக் காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். என்னவென்று தெரியாமல் பொத்தாம்பொதுவாக ஜெபிக்க வேண்டியிருக்கிறது. படம் எடுத்தார்களா? டாக்டர் என்ன சொன்னார்?

இங்கே ஒன்று நடந்தது. ஒருவருக்கு ஒரு கால் போய்விட்டால், மீதி இருக்கிற பாதத்தைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து அளவு எடுப்போம். போனது வலது என்றால் கையில் இருப்பது இடது பாதத்தின் படம். தாளைத் திருப்பிப் போட்டுத்தான் மரத்தில் வரைய வேண்டும். இந்தத் தொழில் முழுக்கவே மாற்றிப்போடுகிற தொழில்தான் அக்கா. எனக்கென்றே கண்டுபிடித்ததுபோல் இருக்கிறது.

போன வாரம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியருக்கு வலது பாதம். மின்னல் வழக்கம்போல ஒரே மூச்சில் செதுக்கி, தேய்த்து, சாயமும் பூசிக் காயவைத்திருந்தார். மறுநாள் காலையில் அவர் வருகிறார். நான் பெருக்கிக்கொண்டே போனவன் அதன் முன்னால் நின்றுவிட்டேன். என்னமோ இடித்தது. எனக்கு இடிப்பது என்றைக்கும் தப்பாகத்தானே இருக்கும் என்று துடைப்பத்தைக் கீழே போட்டுக் கையைத் தூக்கிப் பார்த்தேன். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. பிறகு மாஸ்டரிடம் போய், அது இடது பாதம்போல இருக்கிறது என்றேன். பட்டறையே சிரித்தது. மாத்துச்செருப்பு வந்து மின்னலுக்குப் பாடம் எடுக்கிறான் என்றார் ஒருவர்.

மாஸ்டர் எழுந்து வந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. மின்னல் முகம் சுண்டிப்போயிற்று, எனக்கே பாவமாக இருந்தது. மாஸ்டர் என்னைப் பாராட்டவெல்லாம் இல்லை. என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "எத்தனை தடவை பார்த்தே?" மூன்று என்றேன். "இங்க யாரும் ஒரு தடவைக்கு மேல பார்க்கிறதில்லை" என்று சொல்லிவிட்டு, இனி எல்லா அளவுத்தாளையும் நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மரம் அறுக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டார்.

மூன்று மாதம் முடிந்து நான் இங்கேதான் இருக்கிறேன். அண்ணனிடம் பெருமையாகச் சொல்ல வேண்டாம், சாதாரணமாகச் சொல்லுங்கள்.

உங்கள் ஜெபக்குறிப்புக்கு என் நோட்டில் ஒரு பக்கம் காலியாக வைத்திருக்கிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 21

என் தம்பிக்கு,

பதில் இவ்வளவு தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கொஞ்ச நாள் நான் வீட்டில் இல்லை. இதையும் மடியில் பலகை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பலகையைத் திட்டு.

மார்ச் மாதக் கடிதத்தை அண்ணனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சாதாரணமாகத்தான் படித்தேன், இரண்டுமுறை படித்தேன். அவன் செய்தித்தாளைக் கீழே இறக்கவில்லை. ஆனால் பக்கத்தையும் திருப்பவில்லை.

இப்போது வேலை விஷயம். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெண்மணிக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எலும்பில் ஏதோ. இந்த மாத முதல் வாரத்தில்தான் ஆபரேஷன் நடந்தது. பெரிய கம்பெனியில் செய்துகொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பெண்மணி சீட்டை மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டாள். நீதான் செய்ய வேண்டுமாம். உன் மாஸ்டர் இல்லை, மின்னல் இல்லை, நீ. மாஸ்டருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே வெட்டியதுபோக மீந்த காலுக்கு எடுத்த அச்சு வைக்கோல் சுற்றிப் பார்சலில் வருகிறது. இடது பாதம் வரைந்த தாள் இதோடு இருக்கிறது.

ஒன்றைக் கவனி. அவளுக்கு நடப்பது முக்கியம் இல்லை. உட்கார்ந்தபடி முன்பாதத்தால் அழுத்தி விடுகிற வேலை, விட்டுவிட்டு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஏற்ற மாதிரி.

நாலு மாதத்துக்கு முன் வாளி கழுவியவனிடம் இதைக் கொடுக்கிறோமே என்று அந்தப் பெண்மணிக்குத் துளி சந்தேகம் இல்லை. உனக்கும் வேண்டாம்.

அக்கா

*

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

தாள் கிடைத்தது. அச்சும் உடையாமல் வந்து சேர்ந்தது.

நானே செய்கிறேன். மாஸ்டர் சரி என்றுவிட்டார். அந்தப் பெண்மணியின் உயரம் என்ன, எழுந்திருக்கும்போது எந்தக் கையை ஊன்றுவார் என்று எழுதுங்கள். அவருக்கு வலி இருக்கிறதா? வீட்டில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? ராத்திரி தண்ணீர் வேண்டுமென்றால் யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

இவ்வளவு சீக்கிரம் அச்சு எடுக்க மாட்டார்களே, வீக்கம் வற்றும்வரை பொறுப்பார்களே என்று மாஸ்டர் கேட்டார். ஏன் அவசரம் என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நான் சுகம்.

தம்பி

*

மே 16

என் தம்பிக்கு,

இவ்வளவு குட்டிக் கடிதம் நீ எழுதியதே இல்லை. பட்டறையில் தாளுக்குப் பஞ்சமா?

அந்தப் பெண்மணியின் உயரம் என் உயரம் என்றே வைத்துக்கொள். ஊன்றுவது இடது கை. வாயாடி. பக்கத்து வீட்டுக்காரர்கள் மாறி மாறி வருகிறார்கள், தண்ணீருக்குக் குறைவில்லை. வலி சில நாள் இருக்கிறது. இல்லாத உள்ளங்காலில் அரிக்கிறது என்பாள், சொறியப் போனால் கட்டிலின் விரிப்புத்தான் கையில் வருகிறது. முதல் தடவை அழுதாள். இப்போது சிரிக்கிறாள். ஏன் அவசரம் என்று கேட்டேன். பொறுமை என்கிற வரத்தை ஆண்டவர் பங்கு வைத்தபோது தான் வரிசையில் இல்லை என்கிறாள்.

அண்ணன் தினமும் ஆபீஸ் விட்டதும் இங்கே வந்துவிடுகிறான். உன்னிடம் கால் செய்யக் கொடுத்தது தெரிந்ததும் குதித்தான். "அவன்கிட்டயா? வலதுக்கு இடது பண்ணி அனுப்புவான். வேற ஆளே கிடைக்கலையா?" நான் பதிலுக்கு நாலு வார்த்தை சொன்னேன். அதற்குள் இருமல் வந்துவிட்டது, மீதியை நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சண்டை போடக்கூட முன்பைப்போலத் தெம்பு இல்லை.

ஞாயிறுகளில் இப்போது மருந்துக்கடைக்காரர் மனைவிதான் வாசிக்கிறாள். மூன்றாவது சரணத்தில் இன்னும் காற்றுப் போகிறது.

நிதானமாகச் செய். அவசரம் என்றதற்காக உன் மூன்று தடவையை இரண்டாக்கிவிடாதே.

அக்கா

*

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கால் முடிந்துவிட்டது. இந்தக் கடிதத்தைக் காலுக்குள்ளேயே, தொடைப்பட்டை மடிப்புக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன்.

கணுக்கால்தான் பெரிய பாடாகப் போயிற்று. நாங்கள் செய்கிற பாதம் அசையாமல் நிற்கும், நடக்க அதுதான் நல்லது. மிதிக்க உதவாது. முன்பாதம் இறங்கித் தானே மேலே வர வேண்டும். கால் என்றால் நடக்கத்தான், விளையாட்டுக்கு இல்லை என்று மாஸ்டர் இரண்டுமுறை திருப்பிக் கொடுத்தார். ஒரு பலகையில் ஸ்பிரிங் வைத்து ஒரு மிதி செய்தேன். என் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பாதத்தைக் கையால் பிடித்து மிதித்து மிதித்துப் பார்த்தேன். முதல் கணுக்கால் எண்பதில் விரிசல் விட்டது. இரண்டாவது முந்நூறில். மூன்றாவதற்கு மின்னல் தான் பத்திரமாக வைத்திருந்த ரப்பர்த் துண்டைக் கேட்காமலே கொண்டுவந்து கொடுத்தார். அது ஆயிரத்தைத் தாண்டியும் தாங்கியது. மாஸ்டர் குனிந்து மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்து, "போதும், வெளியே வா, செல்லும்" என்றார்.

அக்கா, இனி அந்தப் பெண்மணியை விட்டுவிடுவோம்.

நீங்கள் அனுப்பிய தாளைப் பிரித்தபோதே எனக்குத் தெரியும். பெருவிரலைத் தாண்டி நீண்ட இரண்டாவது விரல். பக்கத்து விரல்மேல் ஏறிப் படுத்திருக்கிற சுண்டுவிரல். உங்கள் முகத்தை ஊரே பார்த்திருக்கிறது. உங்கள் பாதத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான் ஒருவன்தான். அன்றைக்கு மேஜையில் தலையைக் கவிழ்த்தவன் மணி அடிக்கும்வரை நிமிரவில்லை. சீக்கிரம் அச்சு எடுத்தது பற்றி மாஸ்டர் சொன்னதையும் நான் முழுசாக எழுதவில்லை. "மூணு மாசம் பொறுத்துத்தான் எடுப்பாங்க. பொறுக்க நாள் இருக்கிறவங்களுக்கு." இதைச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். நான் அச்சைப் பிடித்தபடி நின்றேன்.

அன்றே பஸ் ஏறியிருப்பேன். நான் வந்துவிட்டால் காலை யார் செய்வது என்றுதான் ஏறவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வாத்தியார் என்னைக் குறைத்து அளந்தார், அண்ணன் அளந்தார், பட்டறை அளந்தது. அது பழகிப்போயிற்று. நீங்களுமா அக்கா? அண்ணனுக்குத் தெரியும், மருந்துக்கடைக்காரர் மனைவிக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். இவன் தாங்கமாட்டான் என்று எனக்கு மட்டும் மறைத்தீர்களே. கால் போனதைவிட அதுதான் எனக்கு வலிக்கிறது. இப்படி எழுதுவது பாவம் என்றால் மன்னியுங்கள்.

பட்டையின் வெளிப்பக்கம் ஒரு சிவப்பு நூல் தைத்திருக்கிறேன். எதற்கென்று உங்களுக்குத் தெரியும்.

தம்பி

*

ஜூன் 30

என் ராஜாவுக்கு,

கால் வந்தது. கடிதத்தை எடுத்துப் படித்து, அழுது முடித்து, அப்புறம்தான் மாட்டிப் பார்த்தேன். சட்டை போட்டதுபோல் உட்கார்ந்துகொண்டது. அண்ணன் பார்சலைப் பிரித்ததும் முதல் வேலையாகத் தன் காலுக்குப் பக்கத்தில் வைத்து வலதா என்று பார்த்தான். வலதுதான். உடனே குனிந்து வைக்கோலைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெண்மணி என்று எழுதி, பொய் சொல்லாமலே தப்பித்தேன் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். இந்தக் கெட்டிக்காரத்தனம் ஆண்டவரிடம் செல்லாது, உன்னிடமும் செல்லவில்லை. நீ தாங்கமாட்டாய் என்றுதான் நினைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். உன்னைக் குறைத்து அளக்காதீர்கள் என்று இத்தனை வருஷம் எல்லாரோடும் மல்லுக்கு நின்றவள், கடைசியில் நானும் அந்தக் குட்டை நாடாவைத்தான் எடுத்தேன். இன்னொன்றும் உண்டு. தாங்கமாட்டாதவள் நான். உனக்கு எழுதிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயம்.

இப்போது எழுதுகிறேன். எலும்பில் வந்தது நெஞ்சுக்கும் போய்விட்டது. இந்த வருஷக் கடைசியைப் பற்றி டாக்டர் பேசுவதில்லை. கேட்டால் ஜன்னல் பக்கம் பார்க்கிறார். காலை எதற்குக் கேட்டேன் என்றால், உன் முதல் ஜெபக்குறிப்பு நிறைவேறுவதை நான் இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. அப்படியே எனக்கும் ஒன்று கிடைத்துவிட்டது.

காலியாக வைத்திருக்கிற பக்கத்தைத் திற. ஜெபக்குறிப்பு: ஜூலை கடைசி ஞாயிறு, ஒரு பாட்டு, ஐந்து சரணமும், நானே. நீ அங்கே இருக்க வேண்டும்.

என்னை மன்னித்துவிட்டுப் பஸ் ஏறு. ஏறிவிட்டு மன்னித்தாலும் சரி.

அக்கா

*

ஆகஸ்ட் 8

என் தம்பிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? நீ போன பிறகு வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது, எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் உன்னைப் போகச் சொன்னது சரிதான். மூன்று குழந்தைகள் உன் கைக்குக் காத்திருக்கிறார்கள் என்றாய். என் கட்டிலுக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தால் அவர்கள் நடப்பது தள்ளிப்போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை உள்ளுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். இவ்வளவு வளர்ந்த ஆம்பளை, பெஞ்சுக்கு அடியில் முழங்காலை மடக்கிக்கொண்டு. போதகர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். நாலாவது சரணத்தில் எனக்கு மூச்சு வாங்கியது, ஆர்கனுக்கு வாங்கவில்லை. உன் கணுக்கால் ஒருமுறைகூட ஏமாற்றவில்லை. முடிந்ததும் கீழேயிருந்து நீ மெதுவாக, "இருநூத்தி பன்னெண்டு, அக்கா" என்றாயே. நான் குனிந்துகொண்டேன். பக்தி என்று சபையார் நினைத்திருப்பார்கள்.

அண்ணன் மூன்றாவது சரணத்திலேயே எழுந்து வெளியே போய்விட்டான், கவனித்தாயா? உனக்குத் தெரிந்திருக்காது. வெளிச்சுவரில் சாய்ந்துகொண்டு நின்றானாம், முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு.

இரண்டாவது ஜெபக்குறிப்பு எழுதிக்கொள், இதுதான் கடைசி. அண்ணன். அவனுக்கு எல்லாம் தெரியும் என்று சின்ன வயசிலிருந்தே எல்லாரும் சொல்லி, பாவம், தெரியாது என்று சொல்ல அவனுக்கு வழியே இல்லாமல் போய்விட்டது. நான் போன பிறகு உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவனிடம் ஒப்படைப்பேன் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் மாற்றிப்போடுகிறேன். அவனை உன்னிடம் ஒப்படைக்கிறேன். உன்னால் முடியும் என்று பார்த்துத்தான் கொடுக்கிறேன், மூன்று தடவை பார்த்தேன்.

கை வலிக்கிறது. இனி நீளமாக எழுத முடியாது. நீ எழுது, படித்துக்கொள்கிறேன்.

அக்கா

*

செப்டம்பர் 13

தம்பிக்கு,

என் தந்தி கிடைத்திருக்கும். அதில் எல்லாம் எழுத இடம் இல்லை. ஆற்று வெள்ளத்தில் பாலம் உடைந்துபோனதால் பஸ் ஓடவில்லை, உன்னால் வர முடியாது என்று தெரியும். உனக்காகக் காத்திருக்கவும் முடியவில்லை. நேற்றுப் பிற்பகல் அடக்கம் செய்தோம். தபாலை மட்டும் படகில் தாண்டவைக்கிறார்கள், ஆட்களை ஏற்றுவதில்லை என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய்விட்டாள். கஷ்டப்படவில்லை. நீ கடைசியாக எழுதியதை நான்தான் படித்துக் காட்டினேன். அந்த மூன்று குழந்தைகளில் ஒன்று பட்டறை வாசலில் விழுந்து தானே எழுந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னாள்.

நீ செய்த காலையும் தன்னோடு வைக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தாள். பெண்கள் உடுத்தி முடித்துக் கூப்பிட்டார்கள். அதை நானே மாட்டினேன். பிறகு அவளுடைய கறுப்பு ஷூவையும் நானே போட்டேன். எழுந்து நின்றேன். மருந்துக்கடைக்காரர் மனைவி என் பக்கத்தில் வந்து மெதுவாக, "மாத்திப் போட்டிருக்கீங்க" என்றார்.

பார்த்தேன். இரண்டும் மாறித்தான் இருந்தது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். எது எதற்கு என்று தெரியவில்லை தம்பி. நிஜமாகவே தெரியவில்லை. அறை நிறைய ஆட்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சின்ன வயசில் நீ கையைத் தூக்கிப் பார்ப்பாயே, நானும் தூக்கினேன். எந்தக் கையைத் தூக்கினேன் என்றுகூடத் தெரியவில்லை. அப்போது அவள் காலில் பட்டைக்குமேல் சிவப்பு நூல் தெரிந்தது. கால் வந்த அன்று அவள் எனக்குச் சொல்லியிருந்தாள், சின்ன வயசில் வலது பக்கம் என்று உன் சட்டையில் அடையாளத்துக்குத் தைத்தாளாம், அதே சிவப்பு நூல். அதை வைத்துத்தான் சரியாகப் போட்டேன்.

உனக்கு ஒரு பெயர் வைத்தேன். அதை நீ எத்தனை வருஷம் சுமந்தாய் என்று நேற்றுத்தான் யோசித்தேன். இனி என் வாயில் அது வராது.

அவளுடைய நோட்டை உனக்கு என்று எழுதி வைத்திருக்கிறாள். திறக்கவில்லை. நீங்கள் இருவரும் கடிதத்தின் கடைசியில் ஜெபக்குறிப்பு எழுதுவீர்களாம். அது எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது.

அண்ணன்

*

செப்டம்பர் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அண்ணியும் பிள்ளைகளும் சுகமா? நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? ஆபீஸ் விட்டதும் கால் தானாக அக்கா வீட்டுப் பக்கம் திரும்பும், பூட்டின கதவைப் பார்த்துவிட்டு வருவீர்கள் என்று நினைக்கிறேன்.

தந்தி வந்த அன்று மாஸ்டர் பட்டறையை மத்தியானமே மூடிவிட்டார். மின்னல் என் அறைக்கு வந்து கூட உட்கார்ந்திருந்தார். நான் அடக்கத்துக்கு இல்லாமல் போனேனே என்று எட்டு நாள் அழுதேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. நான் அங்கே இருந்திருந்தாலும் அந்த ஷூவை என் கையால் போட்டிருக்கமாட்டேன். நீங்கள் போட்டதுதான் சரி.

அந்தப் பெயரைப் பற்றி வருத்தப்பட வேண்டாம். அது இல்லாவிட்டால் எனக்கு மூன்று தடவை பார்க்கிற வழக்கம் வந்திருக்காது. வலித்தது உண்மைதான், வலிக்கவில்லை என்று சொன்னால் அக்காவிடம் பேச்சு வாங்க வேண்டிவரும்.

ஜெபக்குறிப்பு எழுதப் பெரிய படிப்பு வேண்டாம் அண்ணா. எது முடியவில்லையோ அதை எழுதினால் போதும். உங்கள் கடிதத்திலேயே ஒன்று இருந்தது, எடுத்து நோட்டில் எழுதிவிட்டேன். "எந்தக் கை என்று தெரியவில்லை." இவ்வளவுதான் எழுதினேன். நமக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிடித்திருக்கிறவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பாலத்தைத் திறக்கிறார்களாம். முதல் பஸ்ஸில் வருகிறேன், ஞாயிறு காலை வந்து சேரும். நிலையத்துக்கு வந்து நில்லுங்கள். சீட்டுக்கு அடியில் மூன்று தடவை பார்த்துவிட்டு, எல்லாரும் இறங்கின பிறகு கடைசியாகத்தான் இறங்குவேன், வரவில்லை என்று நினைத்துத் திரும்பிப் போய்விடாதீர்கள்.

உங்கள்
தம்பி